தாத்தாவின் சிலையை வாங்க வந்தவர் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து கேட்கிறார், போடலாமா?

வண்ணாரப்பேட்டை பேரன்

பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். போன மாதம் பரணைக் காலி செய்தபோது கோணிச் சாக்கில் சுற்றி வைத்திருந்த ஒரு உலோகச் சிலை கிடைத்தது. ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் கூட இருக்கும். அம்மன் நிற்கிற மாதிரி, வலது கை பூ பிடிப்பது போல மடங்கியிருக்கிறது, பீடத்தில் இரண்டு பக்கமும் ஓட்டை. அதோடு கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு யசோதா கிருஷ்ணன் படமும் இருந்தது, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது.

தாத்தா ஹார்பரில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூர் மார்க்கெட்டுக்குப் போய் எதையாவது தூக்கிக்கொண்டு வருவார், ஆயா வாசலிலேயே நின்று திட்டும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1985இல் மார்க்கெட் எரிந்தபோது மனுஷன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். ஆகவே இரண்டும் அங்கே வாங்கியதாகத்தான் இருக்க வேண்டும். பில், ரசீது எதுவும் கிடையாது.

தெருமுனைக் காயலான் கடைக்காரர் பழைய பாத்திரம் எடுக்க வந்தபோது சிலையைப் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். மறுநாளே ஜார்ஜ் டவுன் பக்கமிருந்து ஒருவர் வந்துவிட்டார். நல்ல மரியாதையாகப் பேசுகிறார். சிலைக்கு 1,60,000 ரூபாய் ரொக்கம், பில் கிடையாது, படத்தைச் சும்மா கொடுத்தால் போதுமாம். "பெரிய பழசு இல்லை தம்பி, நூறு வருஷம்கூட ஆகாது, ஏதோ கைவேலை நன்றாக இருக்கிறதே என்று எடுத்துக்கொள்கிறேன்" என்றார். ஆனால் 100 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு கையெழுத்து வேண்டுமாம். "எங்கள் குடும்பத்தில் 1970க்கு முன்பிருந்தே பரம்பரையாக இருந்துவரும் உலோகச் சிலைகளை என் சொந்த விருப்பத்தின் பேரில் கொடுக்கிறேன்" என்று டைப் அடித்தே கொண்டுவந்திருக்கிறார். எல்லாரும் போடுகிறதுதானாம்.

வீடு கட்டுகிற நேரம், பணம் தேவை. ஆனால் பழசு இல்லை என்றால் 1970 எதற்கு என்று மனதுக்குள் ஒரு குடைச்சல். கையெழுத்துப் போடலாமா? வைத்திருப்பதே குற்றமா? போலீஸுக்குப் போனால் நம்மையே பிடித்து உட்கார வைத்துவிடுவார்களா? சிலை கடத்தல் என்று பேப்பரில் தெருப் பெயர் வந்தால் அம்மா தாங்கமாட்டார்கள்.

காசிமேடு காத்து

பாஸ், பரணில் கிடந்த பித்தளைக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் வருகிறது, வாங்கிப் போட்டுவிட்டுச் செங்கல் வாங்குகிற வழியைப் பாருங்கள். ரொம்ப யோசித்தால் அந்த ஆள் வேறு வீட்டுக்குப் போய்விடுவார்.

பழைய சுங்கம்

தம்பி, கையெழுத்து மட்டும் போடாதீர்கள். மேலே ஒரு தம்பி செங்கல் வாங்கச் சொல்கிறார், செங்கல் அப்புறம் வாங்கலாம்.

நான் ராஜாஜி சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் முப்பது வருஷம் காகிதம் தள்ளியவன். ஏற்றுமதிச் சரக்குக்கு பில் போடுவது, கஸ்டம்ஸ் கவுன்டரில் நிற்பது, இதுதான் என் ஜீவனம். சாமான் என்னவென்று பெட்டியைத் திறந்து பார்க்கிறவர்கள் குறைவு, எல்லாரும் பார்ப்பது காகிதத்தைத்தான். பழைய சிலை வெளியே போகிற வழியும் அதுதான். "கைவினைப் பொருள்" என்று ஒரு வார்த்தை. இருபது புதுச் சிலைக்கு நடுவில் ஒரு பழைய சிலை. நூறு வருஷம் ஆகாத பொருள் என்றால் அதற்குத் தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறை ஒரு சான்றிதழ் தரும். புதுச் சிலையைக் காட்டிச் சான்றிதழை வாங்கிவிட்டு, அதே அச்சில் இருக்கும் பழையதைப் பெட்டியில் வைப்பது பழைய தந்திரம். சான்றிதழ் உண்மை, முத்திரை உண்மை, உள்ளே இருக்கும் சாமி மட்டும் வேறு.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து தூக்கினார்கள், நியூயார்க்கில் சுபாஷ் கபூர் என்ற சிலை வியாபாரியின் கடைக்குப் போனது, 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அவ்வளவு பெரிய அரசாங்க மியூசியம், சும்மா வாங்குமா? காகிதம் கேட்டார்கள். கபூர் கொடுத்தார். டெல்லியில் வேலை பார்த்த சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் 1970 வாக்கில் வாங்கி வெளியே கொண்டுபோனதாக எழுதிய காகிதம். 1970ஐ கவனியுங்கள். நம் தொல்பொருள் சட்டம் 1972, கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970. அதற்கு முன்னால் போன பொருள் என்று ஒரு காகிதம் இருந்துவிட்டால் உலகத்தில் எந்த ஏலக்கடையிலும் வைக்கலாம். அப்புறம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994இல் அதே நடராஜரை அதே கோயிலில் வைத்து எடுத்த போட்டோ இருந்தது, தூதரகக் கதை உடைந்தது. 2014இல் சிலை திரும்பி வந்தது. கபூரை 2011இல் ஜெர்மனியில் பிடித்து 2012இல் இங்கே கொண்டுவந்து, 2022 நவம்பரில்தான் கும்பகோணம் நீதிமன்றம் 10 வருஷம் கொடுத்தது. பதினோரு வருஷம் ஆயிற்று பாருங்கள்.

இப்போது உங்கள் ஸ்டாம்ப் பேப்பருக்கு வருவோம். நீங்கள் அடித்துப் போட்ட வாசகத்தை இன்னொரு தடவை படியுங்கள். "சிலைகளை" என்று இருக்கிறது. உங்கள் வீட்டில் இருப்பது ஒன்று. உயரம் எழுதியிருக்கிறதா? என்ன சாமி என்று எழுதியிருக்கிறதா? போட்டோ ஒட்டியிருக்கிறதா? எதுவும் இல்லை என்றால் அந்தக் காகிதம் உங்கள் அம்மனுக்கு எழுதியது இல்லை. நாளைக்கு எந்தக் கோயிலில் எது போனாலும் அது பழைய வண்ணாரப்பேட்டையில் மூன்று தலைமுறையாக இருந்த சொத்து ஆகிவிடும், சாட்சி நீங்கள். அவர் 1,60,000 கொடுப்பது சிலைக்கா கையெழுத்துக்கா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வண்ணாரப்பேட்டை பேரன்

சார், இதைப் படித்துவிட்டு உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது. அந்தப் பேப்பரை வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார், இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். "சிலைகளை" என்றுதான் இருக்கிறது. இரண்டாவது தாள் ஒன்று இருக்கிறது, அது முழுக்கக் காலி, அடியில் "இப்படிக்கு" என்று மட்டும். தேதியும் போடவில்லை.

கணக்குப்பிள்ளை மகள்

நான் வக்கீல் இல்லை, வரிக் கணக்கு பார்க்கிறவள், இந்த விஷயத்தில் ஒரு வாடிக்கையாளருக்காகக் கொஞ்சம் அலைந்திருக்கிறேன். உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன்.

வீட்டில் பழைய சிலை வைத்திருப்பது குற்றம் இல்லை. நூறு வருஷம் தாண்டிய சிலை, ஓவியம் போன்றவை தொல்பொருள், கையெழுத்துச் சுவடி என்றால் 75 வருஷமே போதும். 1972 சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உலோகச் சிலை வைத்திருப்பவர் தொல்லியல் துறைப் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும், கை மாறினால் சொல்ல வேண்டும். பதிவு செய்யாமல் இருந்தால் ஆறு மாதம் வரை தண்டனை போட இடம் இருக்கிறது, ஆனால் தானாகப் போய் "தாத்தா வைத்துவிட்டுப் போனது, இப்போதுதான் கண்ணில் பட்டது" என்று எழுதிக் கொடுப்பவர் நிலைமையும், கடத்தல்காரர் கிடங்கில் பிடிபட்டவர் நிலைமையும் ஒன்றில்லை. எதற்கும் போவதற்கு முன் ஒரு வக்கீலிடம் விண்ணப்பத்தைக் காட்டிவிடுங்கள். உள்நாட்டில் விற்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்ப அரசாங்கத்தைத் தவிர யாருக்கும் உரிமை கிடையாது, மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை. தொல்பொருள் வாங்கி விற்கும் தொழில் செய்ய லைசென்ஸ் வேண்டும், உங்கள் வீட்டுக்கு வந்த பெரியவரிடம் அதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு வேகமாகச் செருப்பு மாட்டுகிறார் என்று தெரியும்.

அப்புறம் அந்த 1,60,000. அது தற்செயல் இல்லை என்பது என் எண்ணம். 2017இலிருந்து ஒரே ஆளிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் பணத்தை வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். 2 லட்சத்தைத் தாண்டினால் பான் எண்ணும் கேட்க வேண்டும். அதற்குக் கீழேயே நிறுத்திக்கொள்கிறார்கள். நகைக்கடைக்காரர் 10 லட்சம் ரொக்கம் வாங்கினால் பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் அதற்கென்று தனிக் கணக்கு, தனித் தகவல் எல்லாம் வைத்திருக்கிறார்கள், வீட்டுத் தரகரைக்கூட அதில் சேர்த்தார்கள். ஓவியமும் சிலையும் விற்கிறவரை அந்தப் பட்டியலில் காணோம். நம் ஊர் மட்டும் என்று நினைக்காதீர்கள், பிரிட்டனிலேயே 10,000 யூரோவுக்கு மேல் கலைப்பொருள் வாங்குகிறவர் யார் என்று கடைக்காரர் விசாரிக்க வேண்டும் என்று வந்தது 2020 ஜனவரியில்தான். அமெரிக்காவில் 2021இல் தொல்பொருள் வியாபாரிகளைச் சட்டத்துக்குள் இழுத்தார்கள், ஓவியக் கேலரிகளை விட்டுவிட்டார்கள். ஆகவே அங்கே ஒரு கோடி டாலருக்குப் படம் வாங்கியவர் பெயரை "ஒரு சேகரிப்பாளர்" என்று எழுதினால் போதும்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். வீடு இடித்து அஸ்திவாரம் தோண்டும்போது ஏதாவது கிடைத்தால் அது வேறு சட்டம், 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றாலே கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். மேஸ்திரியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

பெரம்பூர் பிரஷ்

நான் பெரியமேடு கவின்கலைக் கல்லூரியில் படித்தவன், 1850இல் தொடங்கிய இடம், உள்ளே போனால் மரங்களே நம்மைவிட மூத்தவை. படித்து முடித்துத் தெற்குச் சென்னையில் ஒரு கேலரியில் இரண்டு வருஷம் வேலை. கடையின் பெயர் வேண்டாம். விற்ற விலையில் பாதி கமிஷன், அதுகூடப் பரவாயில்லை, எவ்வளவுக்கு விற்றோம் என்பதையே ஓவியரிடம் சொல்லமாட்டார்கள். யார் வாங்கினார் என்று கேட்டால் "வாடிக்கையாளர் ரகசியம்". மண்ணடியில் ஒரு டஜன் ஸ்குரூ வாங்கினால் பில் கேட்கிற ஆட்கள், நாலு லட்சம் ரூபாய் ஓவியத்தை விசிட்டிங் கார்டு பின்னால் எழுதிய எண்ணை நம்பி வாங்கிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பழைய சுங்கம் ஐயா சொன்ன காகித விவகாரம் சிலைக்கு மட்டும் இல்லை. ஜெர்மனியில் பெல்ட்ராக்கி என்று ஒருவர், பெரிய ஓவியர்களின் பாணியில் தானே வரைந்து, இது என் மனைவியின் தாத்தா சேகரித்தது என்று விற்றார். ஆதாரம் வேண்டுமே, மனைவிக்குப் பாட்டி மாதிரி உடை போட்டு, பின்சுவரில் அந்தப் போலிகளை மாட்டி, பழைய காகிதத்தில் கறுப்பு வெள்ளை போட்டோ பிரின்ட் போட்டார்கள்! போட்டோவைப் பார்த்துப் பெரிய பெரிய நிபுணர்கள் தலையாட்டினார்கள். மாட்டியது எதில் தெரியுமா, 1914இல் வரைந்ததாகச் சொன்ன படத்தில் டைட்டானியம் வெள்ளை இருந்தது, அப்போது அந்தப் பெயின்டே கடைக்கு வரவில்லை. 2011இல் ஆறு வருஷம் கொடுத்தார்கள். அதே வருஷம் நியூயார்க்கில் நோட்லர் என்று 1846இலிருந்து நடந்த கேலரி மூடியது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பணக்காரருடையது என்ற ஒரே கதையை வைத்து 8 கோடி டாலர் அளவுக்குப் போலி விற்றிருக்கிறார்கள், வரைந்தவர் அதே ஊரில் குவீன்ஸ் பகுதியில் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த சீன ஓவியர், அவர் கைக்குப் போனது அற்பக் காசு. அந்த மனுஷனை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது, கை வேலைக்காரனுக்குக் கூலி எந்த ஊரிலும் இப்படித்தான். நம் நாட்டிலும் அதே 2011இல் கொல்கத்தா அரசு கலைக் கல்லூரியில் தாகூர் ஓவியங்கள் என்று 20 படம் கண்காட்சி வைத்தார்கள், தொல்லியல் துறை பார்த்துவிட்டுப் போலி என்றது. கலைக் கல்லூரிச் சுவரிலேயே அந்த நிலைமை.

சரி, உங்கள் யசோதா படம். அதை ஏன் எல்லாரும் விட்டுவிட்டீர்கள்? அந்த ஆள் "படத்தைச் சும்மா கொடு" என்றதைப் பார்த்தாலே உஷாராக வேண்டாமா. ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி சாமி படங்களை ஒலியோகிராஃபாக, அதாவது எண்ணெய் ஓவியம் போலத் தெரியும் கல்லச்சுப் படமாக அடித்தார், அது வீடு வீடாகப் போனது, பழைய வண்ணாரப்பேட்டை வரைக்கும் வந்திருக்க நிறைய வாய்ப்பு. ஒரு நல்ல லென்ஸ் வாங்கி முகத்தில் வைத்துப் பாருங்கள். புள்ளிகள் கோலம் போட்ட மாதிரி ஒரே வரிசையில் இருந்தால் பிற்காலத்து ஆஃப்செட். புள்ளிகள் தாறுமாறாக, கையால் தெளித்த மாதிரி, மேலே எண்ணெய் மினுமினுப்போடு இருந்தால் அந்தக் காலத்துக் கல்லச்சு. காலண்டரைப் பழைய சட்டத்துக்குள் போட்டு டீ டிகாஷன் தடவி விற்கிறவர்களும் உண்டு, ஆகவே சட்டத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

சிலை விஷயத்தில் ஒன்று. புதிதாக வார்த்து, ஆசிட் காட்டி, மண்ணில் புதைத்து எடுத்தால் முந்நூறு வருஷப் பச்சைக் களிம்பு மூன்று மாதத்தில் ஏறும். ஆகவே அது பழசாகவும் இருக்கலாம், மூர் மார்க்கெட்டில் உங்கள் தாத்தாவை யாரோ ஏமாற்றியதாகவும் இருக்கலாம். சிவபுரம் நடராஜரை 1950களில் பழுது பார்க்கக் கொடுத்தார்கள், கோயிலுக்குத் திரும்பி வந்தது நகல், அதற்குத்தான் வருஷக்கணக்கில் பூஜை நடந்தது. அசல் 1973இல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமனிடம் 9 லட்சம் டாலருக்குப் போய், 1986இல் வந்தது.

காசிமேடு காத்து

அப்போ நேராகக் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். பீடத்தில் ஓட்டை என்றால் அது சாமி புறப்பாட்டுக்குக் கழி செருகுகிற ஓட்டை. கோயில் சாமி எப்படி மூர் மார்க்கெட்டுக்கு வரும்? தாத்தா வாங்கியது திருட்டுச் சொத்தாக இருந்தால்?

பழைய சுங்கம்

இருக்கலாம். வீட்டுப் பூஜைச் சிலைக்கும் அந்த மாதிரி பீடம் வார்ப்பது உண்டு, ஆகவே அதை மட்டும் வைத்துச் சொல்லமுடியாது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. தாத்தா தெரிந்து வாங்கினார் என்று நான் சொல்லமாட்டேன், அந்தக் காலத்தில் மூர் மார்க்கெட்டில் பழைய கிராமஃபோனுக்குப் பக்கத்தில் சாமியும் விற்றது, யாரும் எந்த ஊர் என்று கேட்டதில்லை. கோயிலுடையது என்று தெரிந்தால் அது கோயிலுக்குத்தான், எத்தனை கை மாறியிருந்தாலும். தஞ்சாவூர் பக்கம் பத்தூரில் 1976இல் மண்ணுக்குள் கிடைத்த நடராஜர் லண்டன் போய், அங்கே ஒரு கனடா கம்பெனி காசு கொடுத்து வாங்கியிருந்தும், கோயிலே வழக்காடலாம் என்று லண்டன் நீதிமன்றம் ஒத்துக்கொண்டு 1991இல் திருப்பிக் கொடுத்தது.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் கோயில் சிலைகளின் படம் ஒரு லட்சத்துக்கும் மேல் வைத்திருக்கிறார்கள். உங்கள் அம்மனை முன்னால், பின்னால், பீடத்தின் அடி, ஏதாவது எழுத்து வெட்டியிருந்தால் அது, எல்லாம் அளவுகோல் பக்கத்தில் வைத்து போட்டோ எடுங்கள். அங்கே அனுப்பினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம், பதிவுக்கும் அது வேண்டும். சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு என்று 1983இலிருந்து தனிப் போலீஸ் இருக்கிறது, அந்த ஆள் மறுபடி வந்து மிரட்டினால் அங்கே போங்கள், உள்ளூர் ஸ்டேஷனில் கதை சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிடும்.

வண்ணாரப்பேட்டை பேரன்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

லைசென்ஸ் கேட்டேன் மேடம். சிரித்தார். "என்ன தம்பி, யாரோ நிறையப் பேசியிருக்கிறார்கள் போல" என்றார். பேப்பரில் ஒரு சிலை, இத்தனை சென்டிமீட்டர், போட்டோ ஒட்டி, இன்றைய தேதி போட்டால் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அப்படியானால் வேண்டாம் என்று சொல்லவில்லை, 1,90,000 என்றார். அதற்கு மேல் ஒரு ரூபாய் ஏறவில்லை. கணக்குப்பிள்ளை மகள் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. கடைசியில் போகும்போது, சரி, சிலை உங்களிடமே இருக்கட்டும், அந்தக் கையெழுத்துக்கு மட்டும் 40,000 தருகிறேன் என்று வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார். அப்பா உள்ளே இருந்து வெளியே வந்துவிட்டார், அப்புறம் நடந்ததை இங்கே எழுதவேண்டாம்.

காசிமேடு நண்பர் கேட்டது எனக்குக் கோபம் வரவில்லை, ஆனால் நாலு நாள் தூக்கம் வரவில்லை. அப்பாவிடம் கேட்டேன். தாத்தா அதைக் கொண்டுவந்த அன்றைக்கு ஆயா திட்டவே இல்லையாம், "இது யார் வீட்டுச் சாமியோ" என்று சொல்லி ஒரு தட்டில் அரிசி பரப்பி அதன் மேல் வைத்தாராம். பூஜையில் வைக்கவும் இல்லை, விற்கவும் விடவில்லை, பரணுக்குப் போய்விட்டது.

போட்டோ எல்லாம் எடுத்தாயிற்று, பதிவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், புதுச்சேரிக்கும் படம் அனுப்பியிருக்கிறேன். பீடத்தின் அடியில் ஒரு மூலையில் ஏதோ கீறல் இருக்கிறது, எழுத்தா அடிபட்டதா தெரியவில்லை. காயலான் கடைக்காரர் என்னைப் பார்த்தால் எதிர்ப் பக்கம் போகிறார். யசோதா படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன், புள்ளிகள் தாறுமாறாகத்தான் இருக்கின்றன.

பெரம்பூர் பிரஷ்

தாறுமாறா? கண்ணாடியைக் கழற்றாதீர்கள், படம் அதில் ஒட்டியிருக்கும், மேல் தோல் உரிந்து வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பீர்களா? நானே லென்ஸ் எடுத்துக்கொண்டு வருகிறேன், கையெழுத்தெல்லாம் கேட்கமாட்டேன்.